தமையனுக்குப் பதிலாகப் போன கடைக்குட்டி

ஓகஸ்ட் 4ஆம் திகதி, பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியான்னியின் திருநாள். அன்றைய பிரசங்கங்களில் ஆர்ஸ் என்னும் சிற்றூரைப் பற்றிக் கேட்போம். இலத்தீன் மண்டையில் ஏறாத மாணவனைப் பற்றியும், அவித்த கிழங்கைத் தின்று நாளைக் கழித்த குருவைப் பற்றியும், இரவும் பகலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு எழாத மனிதரைப் பற்றியும் கேட்போம். குருமட நாட்களில் இக்கதையை நாங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் நெப்போலியனின் படைக்கு அழைக்கப்பட்டு, போய்ச் சேராமல் மலையில் ஒளிந்திருந்தார் என்ற இடம் வந்ததும் சொல்பவர் சற்று வேகமாக அதைத் தாண்டிப் போவது வழக்கம். புனிதரின் வாழ்க்கையில் அது ஒரு கறை போலத் தோன்றியிருக்கலாம். அந்த இடத்தில் சற்று நின்று பார்த்தால் நமக்குத் தெரிவது ஒரு கமக்காரக் குடும்பம். ஒரு குருவைத் திருச்சபைக்குக் கொடுப்பதற்கு அக்குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு வடமேற்கே ஒரு காலை நடைத் தூரத்தில் உள்ள கிராமம் தார்தில்லி. வியான்னி குடும்பத்தினர் அங்கே கமஞ்செய்து வாழ்ந்தவர்கள். கோதுமை வயலும் முந்திரிகைத் தோட்டமும் மாடுகளும் அவர்களுக்கு இருந்தன. செல்வந்தர் என்று சொல்ல முடியாது. ஆனால் வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டிய நிலையும் இல்லை. பாட்டனார் பியேர் வியான்னியின் காலத்திலேயே அந்த வீடு வழிப்போக்கருக்குத் திறந்திருந்தது. 1770ஆம் ஆண்டில் உரோமாபுரிக்குக் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞன் அங்கே தங்கினான். கந்தல் உடையோடு வந்த அவனைப் பல துறவு மடங்கள் ஏற்க மறுத்திருந்தன. அவனுக்குச் சூடான உணவும் படுக்க இடமும் கிடைத்தன. பின்னர் அவன் நன்றி கூறிப் பியேருக்குக் கடிதம் எழுதினான். திருச்சபை 1881இல் புனிதராக உயர்த்திய பெனடிக்ற் யோசேப் லாபர் என்னும் பிச்சைக்காரர் அவரே. ஒரு புனிதருக்குக் கஞ்சி வார்த்த வீட்டில், பதினாறு ஆண்டுகளின் பின் இன்னொரு புனிதர் பிறக்கவிருக்கிறார் என்பது பியேருக்கு எப்படித் தெரியும்?

பியேரின் மகன் மத்தேயு 1778இல் அயலூரான எக்குல்லியைச் சேர்ந்த மரிய பெலூஸ் என்னும் பெண்ணை மணந்தார். பிள்ளைகள் ஆறு பேர். மூத்தவள் கத்தரீன். அடுத்தவள் ஜான் மரி சிறுவயதிலேயே இறந்துபோனாள். பின்பு பிரான்சுவா, அவனுக்குப் பின் 1786 மே 8ஆம் திகதி பிறந்து அன்றே ஞானஸ்நானம் பெற்ற ஜோன் மரிய, அவனுக்குக் கீழே மார்கரீத், எல்லோருக்கும் இளையவன் மீண்டும் ஒரு பிரான்சுவா. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் இருந்ததால், இளையவனைக் கடே என்று அழைத்தார்கள். நம் வழக்கில் கடைக்குட்டி என்று சொல்லலாம். இவனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தாயார் மரிய பக்தியுள்ள பெண். பிள்ளைகளுக்குச் செபம் கற்றுக் கொடுத்தவர் அவரே. ஜோன் மரிய நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அவனிடம் ஒரு செபமாலை இருந்தது. தங்கை மார்கரீத் அது தனக்கு வேண்டும் என்று அழுது அடம்பிடித்தாள். சர்வேசுரனுக்காக அதைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும்படி தாய் சொல்ல, பிள்ளை விம்மிக்கொண்டே கொடுத்துவிட்டான். அவனைத் தேற்றுவதற்குத் தாய் ஒரு மரத்தாலான மாதா சுரூபத்தைக் கொடுத்தார். இப்படிப்பட்ட சிறு சம்பவங்கள் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் அந்த மார்கரீத்தினால்தான். தமையனின் புனித வாழ்வு பற்றித் திருச்சபை விசாரணை நடத்தியபோது, கிழவியாகிவிட்ட அவர் வந்து சாட்சி சொன்னார்.

தகப்பனார் மத்தேயு வேறு விதமானவர். நேர்மையானவர், உழைப்பாளி, வந்த ஏழைகளுக்கு இடங்கொடுப்பவர். ஆனால் கணக்குப் பார்ப்பவர். ஒரு கமக்காரன் கணக்குப் பார்க்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? புரட்சிக் காலத்தில் ஊரூராய் அலைந்த ஏழைகள் அந்த வீட்டுக்கு இருபது பேர் வரை வந்த இரவுகளும் உண்டு. அவர்களைக் கைபிடித்து அழைத்து வருபவன் பெரும்பாலும் ஜோன் மரிய. அடுப்பங்கரையில் அவர்களுக்குச் சாப்பாடு. கொட்டிலில் வைக்கோல் பரப்பிப் படுக்கை.

1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி சில ஆண்டுகளில் தார்தில்லிக்கும் வந்து சேர்ந்தது. அரசுக்குச் சத்தியம் செய்துகொடுத்த குருவுக்கே கோவில் என்றாயிற்று. வியான்னி குடும்பத்தினர் விஷயம் விளங்காமல் ஆரம்பத்தில் அப்படிப்பட்ட குருவின் பூசைக்கே போய்வந்தார்கள். எக்குல்லியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே போவதை நிறுத்தினார்கள். பின்னர் கோவிலே மூடப்பட்டது. 1793இல் லியோன் நகரம் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது; அதன்பின் கில்லட்டின் ஓயவில்லை. சத்தியம் செய்ய மறுத்த குருக்கள் மாறுவேடத்தில் திரிந்தார்கள். குரோபோ சுவாமியார் சமையற்காரனாகவும், பாலே சுவாமியார் தச்சனாகவும் எக்குல்லிப் பகுதியில் நடமாடினார்கள். மத்தேயுவின் குடும்பம் இரவில் மைல்கணக்காக நடந்து, ஏதாவது ஒரு களஞ்சியத்திலோ மூடிய அறையிலோ பூசை கண்டது. பிடிபட்டிருந்தால் குருவுக்கு மட்டுமல்ல, இடங்கொடுத்த வீட்டாருக்கும் ஆபத்து.

1797இல் குரோபோ சுவாமியார் இரகசியமாக அவர்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் தொங்கிய பெரிய மணிக்கூட்டின் கீழே நின்று, பதினொரு வயதுச் சிறுவன் தன் முதல் பாவசங்கீர்த்தனத்தைச் செய்தான். 1799இல் எக்குல்லியில் ஒரு வீட்டினுள் அவனுக்குப் புதுநன்மை. வைக்கோல் அறுவடைக் காலம் அது. யன்னல்களுக்கு வெளியே வைக்கோல் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆண்கள் வேலை செய்வது போல நின்றார்கள். உள்ளே மெழுகுதிரி எரிவது வீதியால் போவோருக்குத் தெரியக் கூடாது. புதுநன்மை முடிந்ததும் பையன் வீடு திரும்பினான். தமையன் பிரான்சுவாவோடு தோட்டத்தில் மண் கொத்தினான். தமையனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், ஒரு சிறு மாதா சுரூபத்தைச் சற்றுத் தள்ளி முன்னால் வைத்து, அதை எட்டும்வரை நிமிராமல் கொத்துவான் என்று சொல்லப்படுகிறது. இருபது வயதுவரை அவன் கமக்காரனே.

குருவாக வேண்டும் என்ற ஆசையை முதலில் தாயிடம்தான் சொன்னான். தாய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். தகப்பன் மறுத்துவிட்டார். அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. கத்தரீனுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று. மூத்த மகன் பிரான்சுவாவைப் படையிலிருந்து மீட்பதற்குப் பணம் கட்டியாயிற்று. அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்தின்படி இருபது வயது வாலிபர் படைக்கு எடுக்கப்படுவார்கள். பணம் உள்ளவன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பலாம். ஏழை போகத்தான் வேண்டும். இனி நல்ல உழைப்பாளியான இரண்டாவது மகனையும் வயலிலிருந்து விட்டுவிட்டால் கமத்தை யார் பார்ப்பது? இந்த மறுப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. மகனைக் குருமடத்துக்கு அனுப்பத் தயங்கும் தகப்பன்மாரை நான் என் பணியில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நினைப்பது தவறு. மத்தேயு, தலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் பூசைக்கு நடந்துபோன மனிதர்.

இதற்குள் பாலே சுவாமியார் எக்குல்லியின் பங்குக் குருவாகி, குருத்துவத்துக்கு ஆயத்தமாகும் மாணவருக்குத் தம் அறைவீட்டிலேயே பாடம் சொல்லத் தொடங்கியிருந்தார். கடைசியில் மத்தேயு இணங்கினார். 1806இல் ஜோன் மரிய அங்கே சேர்ந்தான். மண்வெட்டி பிடித்த கைக்கு இலத்தீன் இலக்கணம் பிடிபடவில்லை. பட்ட அவதியை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோரும் அறிந்தது.

1809ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அரசாங்கக் கடிதம் வந்தது. குருமாணவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு இருந்தது. ஆனால் ஜோன் மரியவின் பெயர் விலக்குப் பெற்றோரின் பட்டியலில் இல்லை. யாரோ சேர்க்கத் தவறிவிட்டார்கள். நெப்போலியன் ஸ்பெயினில் போர் நடத்திக்கொண்டிருந்தான். ஆட்கள் போதாமல் இருந்தது. பாலே சுவாமியார் எவ்வளவோ முயன்றும் பயனில்லை. மனைவியினதும் மகனினதும் கண்ணீரைக் கண்டு மத்தேயு மீண்டும் ஒருமுறை பணத்தை எடுத்தார். ஒரு வாலிபன் பதிலாகப் போகச் சம்மதித்தான். இரண்டு மூன்று நாட்களில் அவன் மனம்மாறி, வாங்கிய முற்பணத்தையும் பையையும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒக்டோபர் 26ஆம் திகதி ஜோன் மரிய லியோன் நகரப் படைமுகாமுக்குப் போனான். இரண்டு நாட்களில் காய்ச்சலில் விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டான். நவம்பரில் ரோவான் என்னும் நகருக்கு அனுப்பப்பட்டபோது வழியில் மீண்டும் நோய் கூடியது. அங்கும் வைத்தியசாலையில் ஆறு வாரம் வரை கிடந்தான். கன்னியர் அவனைப் பராமரித்தார்கள். 1810 ஜனவரி 5ஆம் திகதி, மறுநாள் ஸ்பெயின் எல்லையை நோக்கிப் புறப்படும் பிரிவோடு சேர்ந்துகொள்வதற்கு உத்தரவுப் பத்திரத்தைக் கந்தோருக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி கட்டளை வந்தது. போகும் வழியில் ஒரு கோவிலுக்குள் நுழைந்து செபித்தான். நேரம் போனது தெரியவில்லை. கந்தோரை அடைந்தபோது கதவு பூட்டியிருந்தது. மறுநாள் வந்தான், பிரிவு புறப்பட்டுப் போய்விட்டது. அதிகாரி சிறைக்கு அனுப்புவேன் என்று சீறினார். பின்பு, ஓடிப்போய்ப் படையைப் பிடித்துக்கொள் என்று பத்திரத்தைக் கொடுத்து அனுப்பினார்.

நோயிலிருந்து எழுந்தவன், முதுகில் சுமை, மலைப்பாதை, மார்கழிக் குளிர் இன்னும் போகவில்லை. களைத்துப்போய் வழியோரத்தில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒரு வாலிபன் வந்து சுமையைத் தூக்கிக்கொண்டு, தன் பின்னால் வரும்படி சொன்னான். பொழுதுபட்டும் நடந்தார்கள். படைக்குப் போகும் பாதை அல்ல அது என்று ஜோன் மரியவுக்கு எந்த இடத்தில் விளங்கியதோ, அவருக்கே வெளிச்சம். அந்த வாலிபனும் படைக்குப் போகாமல் காட்டில் ஒளிந்திருந்தவன். இருவரும் போய்ச் சேர்ந்தது மாதலேன் மலைகளில் லெ நொவே என்னும் சிற்றூர்.

ஊர்த் தலைவர் பாயோ என்பவர். அரசாங்கத்தின் ஆளாகிய அவரே ஏற்கெனவே ஒளிந்தோடியவர்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்திருந்தார். இனி உன்னால் படையைப் பிடிக்க முடியாது, இப்போதே நீ ஓடிப்போனவன்தான் என்று அவர் புதியவனுக்கு எடுத்துச் சொல்லி, தம் உறவினளான குளோதீன் பாயோ என்னும் விதவையிடம் அவனை ஒப்படைத்தார். அவளுக்கு நான்கு பிள்ளைகள். ஜெரோம் வின்சென்ற் என்று அவனுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். மாட்டுக் கொட்டிலில் படுத்தான். கம வேலையில் கைகொடுத்தான். குளிர்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் சொல்லிக் கொடுத்தான். காவற்படையினர் தேடிவரும்போது வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தான். ஒருநாள் அவர்களில் ஒருவன் வைக்கோலுக்குள் வாளைச் செருகிப் பார்த்தபோது அதன் நுனி தன் உடலில் பட்டதென்றும், அன்றுபோல் தான் என்றும் துன்பப்பட்டதில்லை என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தார்தில்லியில் நடந்தது இதைவிடக் கொடியது. மகன் எங்கே என்று கேட்டு அதிகாரிகள் மீண்டும் மீண்டும் வந்தார்கள். தகப்பனுக்கோ எங்கே என்று உண்மையாகவே தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தண்டம் மேல் தண்டமாக விழுந்தது. பிள்ளையைக் கேட்டு வாசலில் ஆயுதத்தோடு நிற்பவர்களுக்கு ஒரு தகப்பன் பதில் சொல்லும் நிலை எப்படிப்பட்டது என்று நம் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நேர்மையாக வரி கட்டி, சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்த மத்தேயுவுக்கு அவமானம் ஒருபுறம், நட்டம் ஒருபுறம். கோபம் முழுவதும் மகன் மேல் திரும்பியது.

தார்தில்லிக்கு அருகே நோய் தீர்க்கும் நீரூற்றுள்ள ஓர் ஊர் உண்டு. சிகிச்சைக்காக அங்கே வந்த விதவை குளோதீன், வியான்னி வீட்டைத் தேடிப் போய், மகன் உயிரோடு இருக்கும் செய்தியைச் சொன்னாள். தாய் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். தகப்பன் மகிழவில்லை, அவன் போய்ப் படையில் சேரட்டும் என்றே நின்றார். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. மகன் ஓடத் திட்டமிட்டவன் அல்லன். ஆனால் அவன் திரும்பாத ஒவ்வொரு நாளுக்கும் விலை கட்டியது வீடு.

1810 ஏப்ரலில் நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரிய லூயிசாவை மணந்தான். அத்திருமணத்தை முன்னிட்டு, படைக்குப் போகாது ஒளிந்திருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. ஜோன் மரிய வீடு திரும்பலாம். ஆனால் அவனுக்குப் பதிலாக ஒருவன் போக வேண்டும்.

போனவன் கடைக்குட்டி. அவனும் படைக்குப் போகும் வயதை எட்டிக்கொண்டிருந்தான். தன் முறை வரும்வரை காத்திராமல் தமையனின் இடத்தில் முன்கூட்டியே போக அவன் சம்மதித்தான். அதற்கு ஈடாக 3,000 பிராங் அவனுக்கு என்று பேசப்பட்டது. ஜோன் மரியவுக்கு வரவேண்டிய முதுசப் பங்கிலிருந்து அது கொடுக்கப்பட வேண்டும். சகோதரர்களுக்கிடையே பணம் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். கமக்காரக் குடும்பங்களில் அன்பும் கணக்கும் ஒரே பாயில்தான் இருக்கின்றன. குருவாகப் போகிறவன் தன் முதுசத்தைக் கொடுத்தான். இளையவன் தன்னையே கொடுத்தான். அந்த 1810ஆம் ஆண்டிலேயே அவன் படையில் சேர்ந்தான்.

லெ நொவே மக்கள் தங்கள் ஜெரோமை வெறுங்கையோடு அனுப்பவில்லை. குருவாவதற்கு உதவும் என்று ஆளுக்குக் கொஞ்சம் காசும் துணியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1811இன் தொடக்கத்தில், பதினாலு மாதங்கள் கழித்து, அவன் வீட்டு வாசலை மிதித்தான். தாய் மரிய அவனைக் கண்ட சில வாரங்களில், பெப்ரவரி மாதத்தில், கண்ணை மூடினார். அவர் பிரார்த்தித்த குருவை அவர் காணவில்லை. தாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் கண் கலங்குவார் என்று ஆர்ஸ் மக்கள் கடைசிவரை சொன்னார்கள்.

கடைக்குட்டி 1813இல் ஜெர்மனியில் பிராங்பேர்ட் நகரில் இருந்தான் என்று வீட்டுக்குத் தெரிய வந்தது. அந்த ஆண்டில்தான் நெப்போலியனின் படை ஜெர்மனியில் நொறுங்கியது. அதற்குப் பின் செய்தி இல்லை. கடிதமும் இல்லை, சாவு அறிவித்தலும் இல்லை. அவன் வீடு திரும்பவேயில்லை. எங்காவது விழுந்திருப்பான் என்று குடும்பம் எண்ணிக்கொண்டது.

அதே ஆண்டுகளில் தமையன் குருமடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தார். 1812இல் வெரியேர் சிறிய குருமடத்தில் அவர் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. உடன் படித்தவர்கள் பலர் அவரைவிட இளையவர்கள். லியோன் பெரிய குருமடத்தில் இலத்தீனில் விளங்காமல் விழித்து நின்றார்; திருப்பி அனுப்பப்பட்டார். பாலே சுவாமியார் கைவிடவில்லை. பிரெஞ்சு மொழியில் கேட்டால் இவன் பதில் சொல்வான் என்று வாதாடினார். 1815 ஓகஸ்ட் 13ஆம் திகதி கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் கிடைத்தது. அங்கே அவர் தனியாக, கால்நடையாகப் போனார். வாட்டர்லூ போர் முடிந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. வழியெல்லாம் அந்நிய நாட்டுப் படைகள் நின்றன. அவர் பட்டம் பெறும்போது வீட்டார் எவரும் பக்கத்தில் இல்லை. படையினரைத் தாண்டி நடந்த அந்த வழியில் அவர் தம்பியை நினைத்திருக்க மாட்டாரா?

1818 பெப்ரவரியில் ஆர்ஸ் சென்றார். இருநூற்று முப்பது பேர் கொண்ட பங்கு அது. மறு ஆண்டு தகப்பனார் மத்தேயு இறந்தார். மகன் பீடத்தில் நிற்பதை அவர் கண்டுவிட்டே போனார். அடுத்த நாற்பது ஆண்டுகளின் கதை உலகறிந்தது. ஆயிரக்கணக்காக வந்த மக்களுள், தன் தவறினால் வேறொருவர் துன்பப்பட்டார் என்ற பாரத்தோடு வந்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களின் பேச்சு அந்தக் குருவுக்குப் புதிதாக இருந்திருக்காது.

1843இல் கடும் நோயிலிருந்து எழுந்த அவர், தனிமையில் செபித்துச் சாக வேண்டும் என்ற ஆசையில், இரவோடிரவாக ஆர்ஸை விட்டுப் புறப்பட்டு நடந்தார். போன இடம் தார்தில்லி. மூத்தவர் பிரான்சுவாவின் வீடு. ஆனால் சனங்கள் விடவில்லை. சில நாட்களில் அவ்வீட்டு வாசல் ஆர்ஸ் கோவில் வாசல் போலாயிற்று. முன்னர் பிச்சைக்காரரும் ஒளிந்து திரிந்த குருக்களும் காவற்படையினரும் வந்த அதே முற்றத்தில் இப்போது பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்கள் நின்றார்கள். பிரான்சுவாவுக்குத் தம் கமத்தைப் பார்ப்பதா, வந்தவர்களைப் பார்ப்பதா என்றாயிற்று. ஒரு வாரமளவில் குரு ஆர்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

1855இல் மூன்றாம் நெப்போலியன், அதாவது பழைய நெப்போலியனின் சகோதரன் மகன், ஆர்ஸ் பங்குக் குருவுக்குப் பிரான்சின் உயர்ந்த கௌரவமான லெஜியன் தோனர் என்னும் சிலுவைப் பதக்கத்தை அளித்தான். முதலாம் நெப்போலியன் தன் வீரரையும் குடிமக்களையும் சிறப்பிக்க ஏற்படுத்திய பதக்கம் அது. ஏழைகளுக்கு உதவக்கூடிய பணம் ஏதும் அதோடு வராது என்று அறிந்ததும் அவர் அதில் அக்கறை காட்டவில்லை, ஒருநாளும் அணியவுமில்லை. 1859 ஓகஸ்ட் 4ஆம் திகதி அவர் இறந்தபின், மற்றவர்கள் அதை அவருடைய பெட்டியின் மேல் வைத்தார்கள்.

1925 மே 31ஆம் திகதி பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். தார்தில்லியில் அந்தப் பழைய வீடு இன்றும் இருக்கிறது. அடுப்பங்கரையையும் ஏழைகள் படுத்த இடத்தையும் யாத்திரிகர் போய்ப் பார்க்கிறார்கள். கடைக்குட்டி பிரான்சுவாவும் அந்த அடுப்பங்கரையில் இருந்து சாப்பிட்டு வளர்ந்தவன்தான். அவன் கல்லறை எங்கே என்று காட்ட ஒருவரும் இல்லை.